குழாய்ச் சுவரில் மறைந்த இன்சுலின்

புதிதாக வாங்கிய மண்சட்டியை அன்றைக்கே அடுப்பில் ஏற்றிக் கறி சமைப்பது நம் வீடுகளில் வழக்கமன்று. அரிசி கழுவிய நீரையோ கஞ்சியையோ அதில் ஊற்றிக் கொதிக்கவைத்து முதலிற் சட்டியைப் பழக்குவர். புதுச்சட்டி தன்னுள் ஊற்றும் பொருளில் ஒரு பங்கைத் தான் உறிஞ்சிக்கொள்ளும். அந்தப் பங்கைக் கஞ்சியாகக் கொடுத்துவிட்டால் பின்னர் ஊற்றும் எண்ணெயும் குழம்பும் மிஞ்சும். இஃது அனுபவத்தால் வந்த அறிவு.

விஞ்ஞான கூடத்திலுள்ள கண்ணாடிக் குழாய்க்கு மண்சட்டியைப் போலத் துளைகள் இல்லை. அது வழவழப்பானது, கழுவினால் எளிதில் துப்புரவாவது, அமிலத்துக்கும் பெரும்பாலும் அசையாதது. ஆகவே அதனுள் இட்ட பொருள் இட்டபடியே இருக்கும் என்று ஆய்வாளர் எண்ணியதில் வியப்பில்லை. அந்த எண்ணம் பிழையென்று எவ்வாறு தெரிந்தது, அப்பிழையால் நேர்ந்த மயக்கங்கள் யாவை, அதே பிழை ஈற்றில் எவ்வாறு ஒரு பெரும் பயனாக மாறிற்று என்பனவே இன்றைய பேச்சின் பொருள்.

கலனுக்கும் அதனுள் இருக்கும் உயிர்ப்பொருளுக்கும் ஓர் உறவு உண்டு என்பதை முதன்முதல் உரத்துச் சொன்னது குருதியே எனலாம். உடலினுள் ஓடும் குருதி உறைவதில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் வார்த்தால் சில நிமிடங்களில் உறைந்துவிடுகின்றது. காற்றுப் படுவதே காரணம் என்றனர் சிலர். சூடு தணிவதே காரணம் என்றனர் வேறு சிலர். 1863 ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் சங்கத்தில் ஆற்றிய விரிவுரையொன்றில் யோசப் லிஸ்ரர் என்னும் புகழ்பெற்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இவ்விரு கருத்துக்களையும் மறுத்தார். கொன்ற விலங்கின் நாளத்தினுள்ளே குருதி நெடுநேரம் நீர்மையாகவே இருப்பதையும், அதே குருதி அந்நியப் பொருளொன்றைத் தொட்டவுடன் உறையத் தொடங்குவதையும் அவர் எடுத்துக் காட்டினார். 1886 இல் ஏர்ணஸ்ற் புரொயின்ட் என்பவர் கலனின் உட்புறத்தில் வசலீன் பூசிவைத்தால் அதில் வார்த்த குருதி உறையாமல் நிற்பதைக் கண்டார். கண்ணாடிச் சுவர் வெறும் பார்வையாளன் அன்று என்பது அப்போதே புலனாயிற்று.

ஆயினும் குருதி உறைவது கண்ணுக்குத் தெரியும் நிகழ்ச்சி. தெளிந்த நீரிற் கரைந்திருக்கும் புரதமொன்று ஓசையின்றிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் அதை யார் காண்பது? நீர் முன்போலவே தெளிவாக இருக்கும்; குழாயும் முன்போலவே பளபளக்கும்; பொருள் மட்டும் குறைந்துபோயிருக்கும். இந்தக் களவு வெளிப்படுவதற்கு இன்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேற் சென்றன. வெளிப்படுத்தியது இன்சுலின் என்னும் ஓமோன்.

இன்சுலினின் வரலாற்றை நேயர்கள் பலரும் அறிவீர்கள். 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவரும் மக்லியொட் என்பாரின் ஆய்வுகூடத்தில் விலங்குகளின் சதையியிலிருந்து அதன் சாற்றைப் பிரித்தெடுத்தனர். கொலிப் என்னும் இரசாயனர் அதைத் தூய்மைப்படுத்தினார். 1922 ஆம் ஆண்டு சனவரியில் லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது ஊசியாக ஏற்றப்பட்டது. அன்றுவரை நீரிழிவால் மெலிந்து மாண்ட சிறுவர்கள் அன்றிலிருந்து பிழைக்கலாயினர்.

மருந்தாக இன்சுலினைக் கையாண்ட வைத்தியருக்குச் சுவரின் களவு பெரிதாகத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். புரதம் ஒரு பரப்பில் ஒற்றைப் படையாக ஒட்டினால் ஒரு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒன்று முதல் சில மில்லிகிராம் வரை பிடிக்கும். இரண்டு மில்லிலீற்றர் நீர் கொண்ட சிறு குழாயில் நனையும் சுவரின் பரப்பு ஏறத்தாழ பத்துச் சதுர சென்ரிமீற்றர். அதாவது சதுர மீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே அச்சுவர் பிடித்துவைக்கக்கூடிய புரதம் ஒரு மைக்குரோகிராம் அளவினது. ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இனி, அக்குழாயிலுள்ள கரைசலில் மில்லிலீற்றருக்கு ஒரு மில்லிகிராம் புரதம் இருக்குமாயின் மொத்தம் 2000 மைக்குரோகிராம் உண்டு. அதில் ஒன்று போனால் எவரும் அறியார். மில்லிலீற்றருக்கு ஒரு மைக்குரோகிராம் மட்டுமே இருக்குமாயின் மொத்தம் இரண்டு மைக்குரோகிராம். அதிற் பாதியைச் சுவர் கேட்கலாம். அதிலும் ஆயிரம் மடங்கு ஐதான கரைசலாயின் முழுவதையும் வைத்துக்கொள்ளச் சுவரில் இடம் உண்டு. செல்வன் வீட்டில் ஒரு கொத்து அரிசியைத் திருடினாலும் ஏழை வீட்டில் ஒரு கொத்து அரிசியைத் திருடினாலும் களவின் அளவு ஒன்றே. ஏழை வீட்டிலோ அன்று அடுப்பு எரியாது. புரதம் எவ்வளவுக்கு அரிதோ அவ்வளவுக்குக் கலனின் பங்கு பெரிதாகின்றது.

உணவு உண்ணாதிருக்கும் மனிதரின் குருதியில் ஒரு மில்லிலீற்றருக்கு இருக்கும் இன்சுலின், ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் பொதுவாகக் குறைவே. அந்த ஏழ்மையை அளக்கப் புகுந்தவர்களுக்கே கண்ணாடியின் இயல்பு தெரியவந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீன் ஆய்வாளர் கைக்கு எளிதிற் கிடைத்தது. இன்சுலின் மூலக்கூறில் அந்த அயடீனை இணைத்துவிட்டால் அது செல்லுமிடமெல்லாம் தன் இருப்பைக் கருவிக்கு அறிவித்துக்கொண்டே செல்லும். ஆட்டின் கழுத்தில் மணி கட்டியதுபோல என்று சொல்லலாம். 1951 இல் அமெரிக்க ஆய்வாளராகிய பெரிபீயும் அவர் துணைவரும் இவ்வாறு மணி கட்டிய இன்சுலினைக் கையாண்டபோது, ஐதான கரைசலிலிருந்து அது கண்ணாடிக்குச் சென்று ஒட்டிக்கொள்வதை அறிவித்தனர். நீரைக் கொட்டிய பின்னும் குழாய் கதிர்வீசிற்று. திருடன் தன் வீட்டு வாசலிலேயே அகப்பட்டான்.

இவ்வாறு ஒரு பொருள் மற்றொன்றின் உள்ளே புகாமல் அதன் மேற்பரப்பில் மட்டும் தங்குவதைப் புறத்துறிஞ்சல் என்பர். புரதம் என்பது அமினோவமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலி. குறுகிய சங்கிலியைப் பெப்தைட்டு என்கின்றோம். அச்சங்கிலியின் சில கண்ணிகள் மின்னேற்றம் உடையன; சில கண்ணிகள் எண்ணெயைப்போல நீரை வெறுப்பன. சாதாரண நீர்க்கரைசலில் கண்ணாடியின் மேற்பரப்பு எதிர்மின் ஏற்றம் கொண்டிருக்கும். ஆதலின் நேர்மின் கண்ணிகள் அதனை நாடுகின்றன. பிளாஸ்டிக்கின் மேற்பரப்போ நீரை வெறுப்பது. ஆதலின் நீரை வெறுக்கும் கண்ணிகள் அங்கே அடைக்கலம் தேடுகின்றன. புரதத்தில் இருவகைக் கண்ணிகளும் உண்டு. எனவே ஒரு சுவருக்குத் தப்பியது மற்றொரு சுவரில் மாட்டிக்கொள்ளும். சில புரதங்கள் சுவரிற் பட்டதும் தம் மடிப்பு அவிழ்ந்து பரந்து படிந்துவிடுவதால் மீண்டும் நீருக்குத் திரும்புவதும் அரிதாகின்றது.

இதனால் விளைந்த கேடு பொருள் இழப்பு மட்டுமன்று. பொய்யான முடிவும் விளைந்தது. இன்சுலின் தசையில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்று அறிய, எலியின் பிரிமென்றகட்டை வெட்டி எடுத்து இன்சுலின் கரைசலில் அமிழ்த்துப் பார்ப்பது அக்காலத்து வழக்கம். அமிழ்த்திய இழையத்தில் இன்சுலின் பற்றியிருந்தால், தசைக்கும் இன்சுலினுக்கும் உள்ள சிறப்பான உறவுக்கு அதுவே சான்று என்று கொள்ளலாமா? 1957 இல் கத்தரீனா நியுவேளியும் சொலமன் பேர்சனும் அவ்வாறு கொள்ளலாகாது என்று எச்சரித்தனர். கதிர்வீசும் இன்சுலின் பிரிமென்றகட்டைப் பற்றுவது அவ்விழையத்துக்கே உரிய தனிப்பண்பு அன்று என்பதை அவர்கள் காட்டினர். பொருள் ஒட்டியிருப்பதாலேயே உறவு உண்டென்று சொல்லிவிட முடியாது.

அந்தச் சொலமன் பேர்சன் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதியில், முன்னாட் படைவீரருக்கான வைத்தியசாலையிற் கடமையாற்றிய வைத்தியர். அவரோடு இணைந்து உழைத்தவர் ரோசலின் யாலோ என்னும் பௌதிக அறிஞர். 1921 இல் நியூயோர்க்கிற் பிறந்தவர். துப்புரவுத் தொழிலாளர் தட்டுமுட்டுப் பொருள் வைத்த சிற்றறையொன்றையே தம் முதல் ஆய்வுகூடமாக மாற்றிக்கொண்டவர். நம் கதையின் திருப்புமுனை இவ்விருவர் கையிலேயே நிகழ்ந்தது.

நீரிழிவு நோயாளரின் உடல் இன்சுலினை விரைவில் அழித்துவிடுகின்றதோ என்ற ஐயம் அன்று நிலவிற்று. அதைச் சோதிக்க இருவரும் மணி கட்டிய இன்சுலினை நோயாளருக்கு ஏற்றிப் பார்த்தனர். கண்டதோ மறுதலையானது: முன்பு இன்சுலின் ஊசி பெற்றவர்களின் குருதியில் அது நெடுநேரம் தங்கிற்று. அவர்களுடைய குருதியில் உருவாகியிருந்த பிறபொருளெதிரி ஒன்று இன்சுலினைப் பற்றி வைத்திருந்தது. இன்சுலின் போன்ற சிறிய புரதத்துக்கு எதிராக உடல் பிறபொருளெதிரியை உண்டாக்கும் என்பதை அன்று பலர் ஏற்கவில்லை. கட்டுரை முதலில் மறுக்கப்பட்டது. தலைப்பிலிருந்து பிறபொருளெதிரி என்ற சொல்லை எடுத்து, இன்சுலினைப் பற்றும் குளோபுலின் என்று மாற்றிய பின்னரே 1956 இல் அது அச்சேறிற்று. அந்த மறுப்புக் கடிதத்தை யாலோ பல்லாண்டுகள் பேணி வைத்திருந்தார்.

இங்கேதான் வியக்கத்தக்க திருப்பம் வருகின்றது. பிறபொருளெதிரி பற்றிய இன்சுலினையும் பற்றாத இன்சுலினையும் வேறுபடுத்துவது எங்ஙனம்? அவர்கள் குருதிநீர்த்துளியைத் தாட்பட்டையொன்றில் இட்டு மின்னோட்டம் செலுத்தினர். தனித்த இன்சுலின் தாளில் இட்ட இடத்திலேயே ஒட்டிக்கொண்டு அசைய மறுத்தது. பிறபொருளெதிரியின் பிடியிலிருந்த இன்சுலினோ அதனோடு கூடத் தாளில் ஊர்ந்து சென்றது. நின்றது எவ்வளவு, சென்றது எவ்வளவு என்று எண்ணினால் போதும். பிற ஆய்வாளர் இடையூறு என்று வெறுத்த ஒட்டும் குணத்தையே இவர்கள் தராசின் முள்ளாக மாற்றினர்.

அதிலிருந்து அடுத்த படியும் எட்டிற்று. மணி கட்டாத இன்சுலினைச் சேர்த்தால் அது மணி கட்டியதோடு போட்டியிட்டுப் பிறபொருளெதிரியில் இடம் பிடிக்கும். இடம் இழந்த கதிர்வீசும் இன்சுலினின் அளவைக் கொண்டு, சேர்ந்த இன்சுலின் எவ்வளவு என்று கணிக்கலாம். 1959, 1960 ஆம் ஆண்டுகளில் இருவரும் மனிதக் குருதியிலுள்ள இன்சுலினை இம்முறையால் அளந்து காட்டினர். கதிர்சார் பிறபொருளெதிரி அளவீடு என்று நாம் இதனைச் சொல்லலாம். அந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை. பேர்சன் 1972 இல் மறைந்தார். 1977 இல் யாலோவுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது அதைப் பகிர்ந்துகொள்ள அவர் இல்லை.

ஓரிடத்தில் ஒட்டுதலைப் பயன்படுத்திய இவர்கள், வேறிடத்தில் அதைத் தடுக்கவும் வேண்டியிருந்தது. தாளில் ஒட்ட வேண்டிய இன்சுலின் அதற்கு முன்பே குழாயில் ஒட்டிவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே கரைசலை ஐதாக்கும் நீரில் அல்புமின் என்னும் மலிவான குருதிப் புரதத்தைப் பெருமளவு கலந்தனர். சுவரில் உள்ள இடங்களை அல்புமின் முந்திக்கொண்டு நிரப்பிவிடும். பின்னர் வரும் இன்சுலினுக்கு இடமிராது. புதுச்சட்டிக்குக் கஞ்சி வார்க்கும் நம் இல்லத்தரசியின் உபாயமும் இதுவன்றோ? 1961 இல் வைஸ்மன், பால்ற்ஸ் என்னும் இருவர் இன்சுலின் கண்ணாடியில் ஒட்டுவதைத் தடுப்பது பற்றியே தனிக் கட்டுரை வெளியிட்டனர். எடுத்து வீசத்தக்க சிறு செய்தியாயிருந்த ஒன்று ஆய்வுக்குரிய பொருளாகிவிட்டது.

ஆனால் சுவரை ஒரு முறை மூடிவிட்டால் என்றென்றும் அப்படியே இருக்குமா? இதற்கு விடை தந்தவர் லியோ விறோமன். ஒல்லாந்தின் கௌடா நகரில் 1915 இற் பிறந்தவர். 1940 இல் செர்மானியப் படையெடுப்பின்போது சிறு படகேறி இங்கிலாந்துக்குத் தப்பியவர். பின்னர் யாவாத் தீவில் யப்பானியரிடம் போர்க்கைதியாக இருந்தவர். ஒல்லாந்த மொழியில் பெயர்பெற்ற கவிஞருமாவார். அமெரிக்காவிற் குடியேறிக் குருதியை ஆராய்ந்த அவர், சுவரில் முதலிற் படிந்த புரதம் சிறிது நேரத்தில் அகன்று வேறு புரதம் அவ்விடத்தைப் பிடிப்பதை 1960 களில் விளக்கினார். முதலில் வருவது எண்ணிக்கையில் மிக்கதும் விரைவாக நகர்வதும் ஆகும். பின் வந்து நிலைப்பது இறுகப் பற்றவல்லது. இதனை இன்றும் விறோமன் விளைவு என்றே வழங்குகின்றனர். அல்புமின் பூசிய சுவரும் நிரந்தரக் காவலன் அன்று என்பது இதன் பாடம்.

ஆய்வுகூடத்துக் குழாயிலிருந்து நோயாளியின் படுக்கைக்கு வருவோம். 1970 களில் கடும் நீரிழிவு மயக்கத்துக்கு உள்ளானோருக்கு மணிக்குச் சில அலகு இன்சுலினைச் சேலைன் நீரிற் கலந்து நாளத்தினூடாகச் சிறிது சிறிதாக ஏற்றும் முறை பரவிற்று. அளவு குறைந்தபோது பழைய களவு பெரிதாயிற்று. போத்தலிலும் நீண்ட பிளாஸ்டிக் குழாயிலும் இன்சுலின் ஒட்டிக்கொள்வதை 1968 இலும் 1974 இலும் 1976 இலும் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துக் கூறின. வைத்தியர் எழுதிய அளவு ஒன்று. முதல் மணி நேரத்தில் நோயாளியின் குருதியை அடைந்த அளவு வேறொன்று. சுவர் நிரம்பிய பின்னரோ முழு அளவும் சென்றது. தாதி பிழை செய்யவில்லை, மருந்தும் பழுதன்று, ஆயினும் கணக்கு ஒத்துவரவில்லை. சிலர் போத்தலில் அல்புமின் கலந்தனர். வேறு சிலர் கரைசலின் முதற் பகுதியைக் குழாயினூடாக ஓடவிட்டுக் கொட்டி, சுவரின் பசியை முதலில் தீர்த்த பின்னரே நோயாளிக்கு இணைத்தனர். இவ்வழக்கம் இன்றும் பல வைத்தியசாலைகளில் உண்டு.

மயக்கமும் முற்றாக ஒழியவில்லை. கலங்களின் மேற்பரப்பில் இன்சுலினைப் பற்றும் வாங்கிகள் உண்டென்று தேடிய காலத்தில், 1975 இல் குவாத்திரகாசாஸ், ஹொலன்பேர்க் என்னும் இருவர் உயிரற்ற தாற்குத் தூளும்கூட உண்மை வாங்கியைப்போலவே இன்சுலினைப் பற்றிக் காட்டும் என்று அறிவித்தனர். முகத்துக்குப் பூசும் மாவின் மூலப்பொருளாகிய அத்தூளுக்கு இன்சுலினால் ஆகவேண்டிய காரியம் ஒன்றுமில்லை. வெற்றுக் குழாயையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்காதவன் உயிர்க்கலம் என்று எண்ணிக் கண்ணாடியை ஆராய்ந்துகொண்டிருக்கக்கூடும்.

இதற்கிடையில் யாலோவும் பேர்சனும் காட்டிய வழியில் மற்றோரும் நடந்தனர். 1967 இல் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த கற், திரெகியர் என்போர் பிளாஸ்டிக் குழாயின் சுவரிலேயே பிறபொருளெதிரியை ஒட்டவைத்து, ஓமோனை அளக்கும் முறையை எளிதாக்கினர். 1971 இல் சுவீடனில் ஈவா எங்வலும் பீற்றர் பேள்மனும் கதிர்வீச்சுக்குப் பதிலாக நொதியத்தைப் பயன்படுத்தும் முறையை வகுத்தனர். சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் புரதத்தை ஒட்டவைத்து, மிஞ்சிய இடத்தை வேறொரு புரதத்தால் அடைத்து, நிறமாற்றத்தைப் பார்க்கும் இன்றைய குருதிச் சோதனைகள் அதன் வழிவந்தனவே. தொற்றுநோய்களைக் கண்டறிய நம் ஊர் வைத்தியசாலைகள் அனுப்பும் குருதி மாதிரிகளுக்கும் இத்தகைய சோதனைகள் பயன்படுகின்றன. சுவர் புரதத்தைப் பற்றாதிருந்தால் இச்சோதனைகளும் இல்லை.

இன்று ஆய்வுகூடத்திற் கடைப்பிடிக்கும் விதிகளைச் சுருங்கச் சொல்வேன். புரதக் கரைசலைக் கூடியவரை செறிவாகவே வைத்திருப்பர். ஐதாக்குவதாயின் பயன்படுத்தும் வேளையிலேயே ஐதாக்குவர். ஒரு கலனிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதைக் குறைப்பர்; ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய சுவர் புதிய பங்கு கேட்கும். பொருளின் இயல்பு அறிந்து கண்ணாடியா பிளாஸ்டிக்கா என்று தெரிவர். புரதம் குறைவாகப் பற்றும்படி செய்த குழாய்களும் விற்பனைக்கு உண்டு. கண்ணாடியைச் சிலிக்கோன் பூசி மூடுவதும் உண்டு. அல்புமினோ, சவர்க்காரத்தைப்போலப் பரப்பில் இடம்பிடிக்கும் துவீன் என்னும் பொருளோ சிறிது சேர்ப்பர். மூலக்கூறின் நிறையை அளக்கும் நுண்கருவிக்கு அனுப்பும் மாதிரியிலோ இத்தகைய சேர்க்கை கருவியைக் குழப்பும். அங்கே அமிலத்தையும் கரைப்பானையும் கொண்டு பெப்தைட்டை நீரில் நிறுத்திவைக்க முயல்வர். எல்லாவற்றுக்கும் மேலாக, அறிந்த அளவு பொருளை அதே குழாயில் இட்டு, அதே நேரம் வைத்திருந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கின்றது என்று அளந்து பார்ப்பர். இதைச் செய்யாதவரை மற்றவை யாவும் நம்பிக்கையே.

நேயர்களே, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஓமோன் ஒன்றில் மில்லிகிராம் அளவைத் திரட்டுவதற்கு, யாலோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்த கில்லெமினின் குழுவினர் இலட்சக்கணக்கான செம்மறியாடுகளின் மூளைப்பகுதிகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. அவ்வாறு கிடைத்த பொருளில் ஒரு துளி சுவரிற் போனால் அது பல நாள் உழைப்பின் இழப்பு. நோயாளியின் மருந்தில் ஒரு பங்கு போனாலோ அது ஓர் உயிரின் கணக்கு.

அளப்பவன் அளக்கப்படும் பொருளை மட்டும் நோக்கினால் போதாது. அளக்கும் கலனையும் நோக்க வேண்டும். கலன் தனக்கென ஒரு பங்கு கேட்கும் என்பதை மறந்தவர் ஏமாந்தனர். அறிந்தவர் முதலில் அதன் பங்கை மலிவான பொருளாற் கொடுத்துத் தம் செல்வத்தைக் காத்தனர். இன்னும் ஆழ்ந்து நோக்கியவரோ அந்தப் பங்கு கேட்கும் குணத்தையே கருவியாக்கி, உலகம் அதுவரை அளக்க முடியாதிருந்தவற்றை அளந்தனர். நம் அடுக்களையிற் புதுச்சட்டியைப் பழக்கும் கைகளுக்கு இந்த அறிவின் முதற்பாடம் தெரியாததன்று.